வீட்டுக்கு எடுத்த சாமான்

புஸ்பவதியின் கடையில் பணப்பெட்டிக்கு வலப்பக்கம் ஒரு பென்சில் நூலில் கட்டித் தொங்கும். வாடிக்கையாளர் யாராவது அதைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. அதற்கு ஒரேயொரு வேலைதான். கடைக்கு வரும் ஒவ்வொரு பற்றுச்சீட்டின் வலது மேல் மூலையிலும் அவள் அதனால் நான்கு இலக்கங்கள் எழுதுவாள். கடை வாடகைக்கு 4210. மின்சாரத்துக்கு 4240. தபால் முத்திரைக்கு 4910. கொலோன் மொத்த வியாபாரியிடமிருந்து அரிசியும் பருப்பும் வந்து இறங்கினால் 3300.

இதை அவள் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மாதக் கடைசியில் பற்றுச்சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு வரி ஆலோசகர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் போதும். ஜேர்மனியில், இந்தப் பீலெஃபெல்ட் நகரில் கடை வைத்திருக்கும் மற்றவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 2002இல் கடை திறந்த முதல் வருட முடிவில், ஆலோசகர் அனுப்பிய கணக்குத் தாள்களைப் பார்த்தபோது, தன் கடையைப் பற்றித் தனக்கே விளங்காத மொழியில் யாரோ எழுதியிருப்பதைப் போல அவளுக்கு இருந்தது. ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் நான்கு இலக்க எண் கொடுத்திருந்த கணக்குத் தலைப்புகளின் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பனிக்காலம் இருந்து படித்தாள்.

"மற்ற ஆக்கள் தேவாரம் பாடமாக்கினம். எங்கடை அக்கா நம்பர் பாடமாக்கிறா" என்று அப்போது தங்கை ரோஹிணி பகிடி பண்ணினாள்.

படிக்கப் படிக்க அந்தப் பட்டியல் ஒரு ஊரைப் போலத் தெரிந்தது. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். ஒன்றில் தொடங்கினால் காசு, வங்கி, சொந்தத்துக்கு எடுத்தது. மூன்று, உள்ளே வந்த சரக்கு. நான்கு, செலவு. எட்டு, விற்பனை. அவளை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. பொருள் என்னவென்று தலைப்பு கேட்பதில்லை. எங்கே போனது என்றுதான் கேட்கும். ஒரே தட்டில் இருக்கும் மூன்று கோப்பிப் பைக்கற்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வாடிக்கையாளர் அசோகன் அண்ணை காசு கொடுத்து வாங்கிப் போனால் அது எட்டாம் தெரு. இரண்டாவதை உடைத்து, சரக்கு இறக்க வந்த வண்டிக்காரருக்கு ஊற்றிக் கொடுத்தால் நாலாம் தெரு. மூன்றாவதை மாடியில் உள்ள வீட்டுக்குக் கொண்டு போய் அவளும் ரோஹிணியும் குடித்தால் முதலாம் தெரு, 1880. வீட்டுக்கு எடுத்த சாமான்.

சிவப்பிரியா அந்த ஆலோசகர் அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை செய்கிறாள். பீலெஃபெல்டிலேயே வளர்ந்து, இந்தத் தொழிலையே படித்தவள். புஸ்பவதியின் பெட்டி வந்தால் தனக்கு அது ஓய்வு நாள் மாதிரி என்று சொல்வாள். எட்டு வருடத்தில் பென்சில் எண்களில் மூன்று பிழை கண்டுபிடித்திருக்கிறாள். அவற்றில் ஒன்று தன்னுடைய பிழை என்று பிறகு தெரிந்தது.

இவ்வளவு சரியாக எழுதும் புஸ்பவதியின் கணக்கில் நாலரை வருடமாக ஒரு பொய் இருந்தது. அது 1880இல் இருந்தது.

கடைக்காரர் தன் கடையிலிருந்தே அரிசியும் வெங்காயமும் எடுத்துச் சமைத்தால் அதற்கும் வரி உண்டு. தனக்குத் தானே விற்ற மாதிரி. அதைக் கணக்கில் கொண்டுவர இரண்டு வழி இருக்கிறது. எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுதி வைக்கலாம். அல்லது, நிதி அமைச்சு வருடா வருடம் வெளியிடும் தொகையைப் போட்டுவிடலாம். மளிகைக் கடை என்றால் வீட்டில் ஓர் ஆளுக்கு இவ்வளவு, பன்னிரண்டு வயது வரை பாதி, இரண்டு வயதுக்குக் கீழே ஒன்றுமில்லை. பிறகு யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது வழி இருப்பது புஸ்பவதிக்கு முதலில் தெரியாது. தெரிந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள். கடை திறந்த நாளிலிருந்து நீல மட்டை போட்ட கொப்பிகளில் எழுதினாள். திகதி, பொருள், அளவு. வீட்டில் இரண்டு பேர் என்பதால் இரண்டு நிரல். ஒன்றின் தலையில் 'பு', மற்றதில் 'ரோ'. பதினேழு வருடத்தில் ஏழு கொப்பி. 2019 தொடக்கத்தில் சிவப்பிரியாதான், "ஏன் அக்கா இவ்வளவு கரைச்சல், பௌஷாலே போடுவம்" என்று சொல்லி, ஆளுக்கு இவ்வளவு என்ற மொத்தத் தொகைக்கு மாற்றிவிட்டாள். கொப்பிகள் மாடியில் ஒரு பெட்டிக்குள் போயின.

அந்தப் பெட்டியை 2021 மார்ச்சில் ரோஹிணி திறந்தாள். குளிர்காலத் திரைச்சீலையை வைக்க இடம் தேடித் திறந்தவள், திரைச்சீலையைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பின்னேரம் முழுக்க இருந்து வாசித்தாள். 14.08.2009, ரோ, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஒன்று. 02.11.2011, ரோ, பனங்கட்டி கால் கிலோ. காய்ச்சல் வந்து படுத்திருந்த கிழமை குடித்த சோடாப் போத்தல்கூட இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டுப் புஸ்பவதி மேலே வந்தபோது ஏழு கொப்பியும் மேசையில் அடுக்கியிருந்தன.

"பதினேழு வருசம் நான் திண்டதெல்லாம் எழுதி வைச்சிருக்கிறியள்."

"அது உன்னட்டைக் காசு கேக்கிறதுக்கில்லை. வரி கட்டுற ஃபினான்ஸ்அம்டுக்கு."

"ஃபினான்ஸ்அம்டுக்கு என்ரை பேர் என்னத்துக்கு?"

"சட்டம் அப்பிடி, ரோஹிணி."

கடையில் ரோஹிணி சம்பளத்துக்கு, முறைப்படி பதிந்து வேலை செய்தவள். அடுத்த நாள் வேலையை விட்டு விலகும் கடிதத்தைத் தட்டச்சு செய்து, திகதி போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். மாத முடிவோடு கொலோனுக்குப் போனாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்ததாக மூன்றாம் ஆள் மூலம் தெரிய வந்தது.

சம்பளக் கணக்கிலிருந்து ரோஹிணி ஏப்ரலிலேயே நீங்கிவிட்டாள். அதற்கு அவளே கடிதம் தந்திருந்தாள். சாப்பாட்டுக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியவள் புஸ்பவதி. 'வீட்டில் எத்தனை பேர், எந்தத் திகதியிலிருந்து மாற்றம்' என்று ஒரு சிறு தாள் நிரப்ப வேண்டும். இரண்டு கிழமையில் வந்துவிடுவாள் என்று விட்டாள். பிறகு தீபாவளிக்கு வருவாள் என்று விட்டாள். ஜனவரியில் ஆலோசகர் அலுவலகத்திலிருந்து வழமையான படிவம் வந்தது. வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்துக்கு முன்னால் பென்சில் நெடுநேரம் நின்றது. 'ஒன்று' என்று எழுத அவள் கை போகவில்லை. 'இரண்டு' என்று எழுதினாள். அடுத்த ஜனவரியிலும் இரண்டு. அதற்குப் பிறகு வந்தவற்றிலும் இரண்டு. சாப்பிடாத ஒருத்தியின் சாப்பாட்டுக்கு மாதா மாதம் வரி போனது. பெரிய காசில்லை. எழுதியதால் போனவளை, இன்னொரு தரம் எழுதி வெளியே தள்ளக் கூடாது என்று மட்டும் நினைத்தாள்.

மற்றபடி நாட்கள் ஒரே மாதிரித்தான் போயின. காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை, கிழமையில் ஆறு நாள். தனியாக நிற்பதால் கழிப்பறைக்குப் போகவும் கடையைப் பூட்ட வேண்டியிருந்தது. அதற்காக மட்டையில் ஒரு மணிக்கூட்டுப் படம் செய்து, முள்ளைத் திருப்பிக் கதவில் மாட்டுவாள். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று அர்த்தம். அசோகன் அண்ணை அதை வைத்தே அவளைச் சீண்டுவார்.

"உம்மடை உந்த மணிக்கூட்டை நம்பி நான் அரை மணித்தியாலம் வெளியிலை நிண்டு விறைச்சுப் போனன், புஸ்பவதி. தங்கச்சியைக் கூப்பிடும். அவ நிண்டால் கடைக்கு ஒரு களை."

"அவவுக்கு அங்கை வேலை, அண்ணை."

"லீவு குடுக்காத வேலையோ? நாலு வருசமாய்?"

"கறிவேப்பிலை நல்லது வந்திருக்கு. போடட்டோ?"

"போடும், போடும். கேட்டதுக்கு மறுமொழி இல்லை, கறிவேப்பிலை மட்டும் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை இல்லை. கீழே குளிர்ப்பெட்டிகள் இரையும் சத்தம் மாடிக்குக் கேட்கும். அன்றைக்கு வாயைத் திறக்காமலே பொழுது போய்விடுவதும் உண்டு. திங்கள் காலை முதல் வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்லும்போது குரல் அடைத்துக்கொண்டு வரும்.

கடந்த இலையுதிர்காலத்தில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 2021, 2022, 2023 மூன்று வருடக் கணக்கையும் பார்க்க அதிகாரி வருவார்.

"பயப்பிட ஒண்டுமில்லை அக்கா. உங்கடை கணக்கைப் பாத்தால் அவையளுக்கே ஆசையாயிருக்கும்" என்றாள் சிவப்பிரியா.

புஸ்பவதி ஓம் என்றாள்.

வந்தவர் வெரோனிக்கா ஹார்ட்மன் என்ற பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். கோப்புகளை ஏற்கெனவே ஆலோசகர் அலுவலகத்தில் இரண்டு நாள் இருந்து பார்த்திருந்தார். கடையைப் பார்க்க ஒரு புதன்கிழமை காலை சிவப்பிரியாவோடு வந்தார். அரிசி மூட்டைகளைக் கடந்து, பின்னறையில் இருந்த சிறு மேசையில் மூவரும் இருந்தார்கள். கதவில் மணிக்கூட்டு மட்டை தொங்கியது.

"உங்கள் பற்றுச்சீட்டுகளைப் பார்ப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது" என்று ஜேர்மன் மொழியில் தொடங்கினார் ஹார்ட்மன். "ஒரு கேள்விதான். 2021 ஏப்ரலிலிருந்து சம்பளப் பட்டியலில் ஒருவரும் இல்லை. ஆனால் சாப்பாட்டில் இருவர். அந்த இரண்டாவது ஆள் யார்?"

புஸ்பவதி மேசையைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருடம் இந்த வேலை செய்கிறேன். ஆட்களைக் குறைத்துச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட்டிச் சொன்னவர் ஒருவரும் இல்லை. இல்லாத ஆளின் சாப்பாட்டுக்கு வரி கட்ட யாருக்கும் விருப்பம் வராது. ஆகவே அந்த ஆள் இருக்கிறார். கடை கிழமைக்கு அறுபது மணித்தியாலம் திறந்திருக்கிறது. இங்கே சாப்பிடுகிறவர் இங்கேதான் வேலையும் செய்கிறார், பதிவில்லாமல். நான் அப்படித்தான் நினைக்க வேண்டியிருக்கிறது."

சிவப்பிரியா தமிழில் குரலைத் தணித்தாள். "அக்கா, கவனமாய்ச் சொல்லுங்கோ. இது சின்ன விசயமில்லை. ரோஹிணி அக்கா இஞ்சை களவாய் வேலை செய்யிறா எண்டு இவ நினைக்கிறா."

"அவள் இஞ்சை இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் ரெண்டு எண்டு எழுதினனீங்கள்? நானும் ஒவ்வொரு வருசமும் கேக்காமல் போட்டிட்டன்."

புஸ்பவதி எழுந்து மாடிக்குப் போய் ஏழு கொப்பியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தான் பொய் எழுதுகிறவள் இல்லை என்று காட்ட அவளிடம் வேறு சாட்சி இருக்கவில்லை.

ஹார்ட்மன் ஒரு கொப்பியைத் திறந்தார். எழுத்து விளங்காவிட்டாலும் திகதியும் அளவும் விளங்கின. பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது ஏன் இரண்டு நிரல்?"

"ஒன்று நான். மற்றது தங்கச்சி. யார் எடுத்தது என்று."

"யார் எடுத்தது என்று எழுதச் சொன்னது யார்?"

"சட்டம்."

"இல்லையே." ஹார்ட்மன் கடுமையாகச் சொல்லவில்லை. ஒரு பிழையான எண்ணைத் திருத்தும் குரலில்தான் சொன்னார். "என்ன எடுத்தீர்கள், எவ்வளவு, எப்போது. இவ்வளவுதான் எங்களுக்குத் தேவை. வீட்டுக்குப் போனது என்றால் வீட்டுக்குப் போனது. பெயரை ஒருவரும் கேட்கவில்லை."

புஸ்பவதி கொப்பியைத் தன் பக்கம் இழுத்து 'ரோ' என்ற எழுத்தைப் பார்த்தாள். கூட்டலுக்கு வசதியாக, மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்து, வருடா வருடம் தன் கையாலேயே எழுதியது. நாலரை வருடமாக மனதுக்குள் ரோஹிணியோடு வாதாடும்போதெல்லாம் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே தூண் சட்டம்தான்.

ஹார்ட்மன் இரண்டு கிழமை தவணை கொடுத்தார். 2021 ஏப்ரலிலிருந்து 2023 முடிவு வரை தங்கை வேறிடத்தில் முழுநேர வேலை செய்ததற்குச் சம்பளச் சீட்டுகள் வேண்டும், குடியிருப்புப் பதிவு வேண்டும். இல்லாவிட்டால் விடயம் சுங்கத்துறைக்குப் போகும். களவாக வேலை வாங்குகிறவர்களை இங்கே சுங்கத்துறைதான் தேடிப் பிடிக்கிறது. அவர் போன பிறகு சிவப்பிரியா ஒரு தாளில் கணக்குப் பார்த்தாள். மூன்று வருடச் சம்பளம் என்று ஒரு மதிப்பு, அதற்குக் காப்புறுதிப் பணம், மேலே தண்டம். தாளைத் திருப்பிக் காட்டினாள். கடையிலுள்ள சரக்கு முழுவதையும் விற்றாலும் அதில் பாதி வராது.

"நான் ரோஹிணி அக்காவுக்கு அலுவலகத்தாலை ஒரு கடிதம் போடட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. நான் கதைக்கிறன்."

சொல்லிவிட்டாளே தவிர, பதினொரு நாள் கதைக்கவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் கைத்தொலைபேசியை எடுப்பாள், பெயரைப் பார்ப்பாள், வைப்பாள். கடை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். கடைக்காகத்தான் அழைக்கிறாள் என்று ரோஹிணி நினைத்துவிடுவாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உண்மையும் அதுதானே. தாள் தேவைப்படாவிட்டால் இன்றைக்கும் அழைத்திருப்பாளா?

தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அழைத்தாள்.

"ஆர்... அக்காவோ?" ரோஹிணியின் குரல் பதறியது. "ஆரும் செத்துப் போட்டினமோ?"

"இல்லை. ஒருத்தரும் இல்லை."

"பேந்து?"

"ஒரு பேப்பர் வேணும்."

மறுபக்கத்தில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. ஞாயிறும் அவளுக்கு வேலைபோலும்.

"பேப்பரோ" என்றாள் ரோஹிணி. "சரி. சொல்லுங்கோ."

புஸ்பவதி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். அதிகாரி வந்தது, சம்பளம் நின்றது, சாப்பாடு நிற்காதது.

"பொறுங்கோ. என்னைச் சாப்பாட்டிலை விட்டு வைச்சிருந்தனீங்களோ?"

"ஓம்."

"நாலு வருசமோ?"

"நாலரை."

"காசு கட்டி?"

"ஓம்."

"விசர் அக்கா உங்களுக்கு."

"ஓம்." புஸ்பவதி தொண்டையைச் செருமினாள். அன்றைக்கு அவள் வாய் திறந்ததே இந்த அழைப்பில்தான். "ரோஹிணி, இன்னொண்டு. பேர் எழுதச் சொல்லிச் சட்டத்திலை இல்லையாம். அந்த மனிசிதான் சொன்னது. ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் எழுதினது."

யாரோ ஜேர்மன் மொழியில் ரோஹிணியைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அவள் அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"பேப்பரை மெயிலிலை அனுப்பட்டோ, கொண்டு வரட்டோ?"

மெயிலில் அனுப்பினால் இன்றே போய்ச் சேரும். தவணைக்கு அதுதான் பாதுகாப்பு. கணக்குப் பார்த்துப் பழகிய மனம் அதைத்தான் முதலில் சொன்னது. புஸ்பவதி அதை விழுங்கினாள்.

"கொண்டு வா."

"எனக்குச் சனிக்கிழமைதான் லீவு."

"சனி வா. நான் தவணை கேக்கிறன்."

திங்கட்கிழமை சிவப்பிரியா பேசி, தவணையை ஐந்து நாள் நீட்டி வாங்கினாள்.

சனிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும். பன்னிரண்டரை மணிக்கு ரோஹிணி வந்தபோது கல்லாவுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். அவள் வரிசையைத் தாண்டி உள்ளே வரவில்லை. மரக்கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், கண்ணாடி உறையில் போட்ட தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். சாயம் போடுவதையும் விட்டிருந்தாள். புஸ்பவதி ஒவ்வொரு பொருளாக எடுத்துக் கல்லாவில் அடித்துக்கொண்டே அதைப் பார்த்தாள். ஒரு பருப்புப் பைக்கற்றை இரண்டு தரம் அடித்து, அழித்துத் திருத்தினாள்.

கூட்டம் குறைந்ததும் மணிக்கூட்டு மட்டையை மாட்டினாள். முள்ளை முதல்முறையாக முக்கால் மணித்தியாலம் தள்ளி வைத்தாள்.

பின்னறை மேசையில் தாள்களைப் பரப்பி, 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரையான சம்பளச் சீட்டுகளை எண்ணிப் பார்த்தாள். முப்பத்துமூன்று, ஒன்றும் குறையவில்லை. குடியிருப்புப் பதிவும் இருந்தது. 01.04.2021 என்று அதில் திகதி. பிறகு சோறும் விளைமீன் குழம்பும் போட்டாள்.

"உப்புக் கூட" என்றாள் ரோஹிணி.

"ஒராளுக்குச் சமைச்சால் உப்புப் பிடிபடாது."

"ரெண்டு பேருக்கு வரி கட்டிப் போட்டு ஒராளுக்குச் சமைச்சனீங்களோ?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. ரோஹிணி முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அங்கை வீடு இருக்கு. வேலை இருக்கு. அந்தக் கிழவியளோடை பழகியும் போனன்."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"கேக்கப் போறியள் எண்டு தெரியும்."

புஸ்பவதி ரோஹிணியின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். ரோஹிணி மறுக்காமல் சாப்பிட்டாள். கொப்பிகளைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தவள், "பேர் கேக்கேல்லை எண்டு அண்டைக்கே தெரிஞ்சிருந்தால்?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாது" என்றாள் புஸ்பவதி. "அப்பவும் எழுதியிருப்பனோ தெரியாது."

ரோஹிணி தலையை ஆட்டினாள். அந்த விடையை அவள் நம்பியதுபோல இருந்தது.

புஸ்பவதி மட்டையைக் கழற்றிக் கடையைத் திறந்தாள். மூன்றரை மணிக்கு ரோஹிணிக்கு ரயில். போவதற்கு முன் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு தட்டுகளுக்கு இடையே நடந்தாள். எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. புஸ்பவதி எதையும் இடம் மாற்றி வைக்கவில்லை. ஒடியல் மா, கறிவேப்பிலை, பனங்கட்டி கால் கிலோ, தலைக்கு வைக்கும் எண்ணெய். கொண்டுவந்து கல்லாவில் வைத்தாள்.

புஸ்பவதியின் கை தன் பழக்கத்துக்கு நூலில் தொங்கிய பென்சில் பக்கம் போனது.

"எழுதப் போறியளோ?"

"இல்லை... நீ கொண்டு போ. வீட்டுச் சாமான்தானே."

"எழுதாதேங்கோ, அக்கா. அடியுங்கோ."

"ரோஹிணி."

"அடியுங்கோ. பின்னாலை ஆள் நிக்குது."

உண்மையிலேயே ஒருவர் வந்து நின்றிருந்தார். புஸ்பவதி அடித்தாள். மாவும் இலையும் பனங்கட்டியும் ஏழு வீத வரியில். எண்ணெய் பத்தொன்பது வீதத்தில். ரோஹிணி வங்கி அட்டையை வைத்தாள். பொறி சீட்டைத் துப்பியது. அதைக் கிழித்து நாலாக மடித்துப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்றாள்.

"வந்தால் சொல்லிப் போட்டு வா. உப்பைக் குறைச்சுப் போடுறன்."

"சொல்லிப் போட்டுத்தான் வருவன்."

கதவு மணி அடித்து ஓய்ந்தது. பின்னால் நின்றவர் தன் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தார்.

தாள்களைச் சிவப்பிரியா அனுப்பிவைத்தாள். இரண்டு கிழமையில் முடிவு வந்தது. மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. 2021 ஏப்ரலிலிருந்து வீட்டில் ஒருவர் என்று திருத்தி, கூடக் கட்டிய தொகையைத் திருப்பித் தருவார்கள். கடிதத்தின் அடியில், வழமைக்கு மாறாக, கணக்கு நேர்த்தியாக இருந்தது என்று ஹார்ட்மன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்.

மாதக் கடைசி நாள், கடை பூட்டியதும் புஸ்பவதி கல்லாவிலேயே இருந்து பெட்டியை ஒழுங்கு செய்தாள். வீட்டுக்கு எடுத்த சாமானுக்கு அவள் தானே எழுத வேண்டிய சீட்டு ஒன்று உண்டு. 1880 என்று மூலையில் போட்டாள். ஆட்கள் என்ற இடத்தில் பென்சில் நின்றது. முன்னைப் போல நெடுநேரம் நிற்கவில்லை. 1.

பிறகு நாளாந்த விற்பனைத் தாள்களைத் திகதிப்படி அடுக்கினாள். அந்தச் சனிக்கிழமைத் தாள் வந்தது. ஏழு வீத விற்பனை இவ்வளவு, பத்தொன்பது வீத விற்பனை இவ்வளவு, வாடிக்கையாளர் நாற்பத்தொன்று. அவ்வளவுதான் இருந்தது. அந்த நாற்பத்தொன்றில் யார் யார் என்று அதில் இல்லை. அவள் பென்சிலை விட்டுவிட்டுத் தாளைத் துளைபோட்டுக் கோப்பில் சேர்த்தாள்.